சிவப்புக் கோடு தெரியும் வரை

1

மூடியைத் தூக்கியதும் வந்தது அந்த வாடை. அழுகிய இலை, துருப்பிடித்த இரும்பு, போக வழியில்லாமல் நின்று கறுத்த தண்ணீர். மூக்கைப் பொத்த வேண்டிய நான் மூச்சை இழுத்துக்கொண்டு நின்றேன். இந்த நாட்டுக்கு வந்து ஏழு வருடங்கள். இங்கே எதற்கும் வாடை கிடையாது. மீன் கடையில் மீன் நாறாது, மழையில் மண் மணக்காது. கனடாவின் ஏரியோர நகரம் ஒன்றில், என் வீட்டு வாசலில், கம்பி மூடியைக் கொக்கியால் தூக்கிப் போட்ட நகராட்சி ஊழியர் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவிலிருந்த ஒரு தெருவை எனக்குத் திறந்து காட்டினார்.

நடந்தது இதுதான். மேப்பிள் மரங்கள் இலை கொட்டும் மாதம். விடாமல் மழை. தெருவோரத் தண்ணீர் மூடிக்குள் இறங்காமல் எங்கள் வாசற்படி வரை வந்து நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் காரை மேட்டில் நிறுத்திவிட்டுப் போய்விட்டார். அவருக்கு மழை என்பது வானிலை. எனக்கு மழை ஒரு வழக்கு. இன்னும் தீர்ப்பு வராத வழக்கு.

மகள் ஜெனியிடம் நகராட்சிக்குப் போன் போடச் சொன்னேன். பதினைந்து வயது. இங்கே வந்ததிலிருந்து என் வாய் அவள்தான். நான் தமிழில் ஒரு பத்தி சொன்னேன். தண்ணீர் இறங்கவில்லை, உள்ளே அடைத்திருக்கிறது, கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள், யார் பார்த்தது, அடியில் எவ்வளவு சேறு இருந்தது. அவள் ஆங்கிலத்தில் ஒரே வரி சொன்னாள். கடையில் ஐஸ்கிரீம் கேட்பவள் போல அத்தனை மரியாதையாக.

“நான் சொன்னதெல்லாம் சொன்னியாடி?”

“சொல்ல வேண்டியத சொன்னேம்மா. மீதி எல்லாம் சண்டை.”

அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. ஜெனி ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு சொன்னாள்: “வெயில் வந்த உடனேயே க்ளீன் பண்ணிட்டாங்களாம். கம்ப்யூட்டர்ல இருக்காம்.”

அந்த வாக்கியம் எனக்குப் பழக்கம். பாஷைதான் வேறு, ராகம் அதேதான். ‘தூர் வாரியாச்சும்மா, ஃபைல்ல இருக்கு.’ ரிசீவரைப் பிடுங்கினேன். என் ஆங்கிலம் ஆஸ்பத்திரியில் நடுங்கும். வங்கியில் திக்கும். ஜெனியின் பள்ளிக்கூடத்து வாசலில் நேற்றையும் நாளையையும் குழப்பிக்கொண்டு நிற்கும். ஊரில் நானே ஒரு டீச்சர் என்று சொன்னால் இங்கே யாரும் நம்பமாட்டார்கள். அன்று அது நடுங்கவில்லை.

“கம்ப்யூட்டர் நோ ரெய்ன்” என்றேன். “யூ கம். ஓப்பன். ஸீ.”

ஜெனி சோபாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மறுநாள் காலை லாரி வந்தது.

2

எங்கள் ஊர் நகராட்சியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் மற்ற நகராட்சிகள் எல்லாம் தப்பித்துக்கொள்ளும்.

அண்ணனூர் ஸ்டேஷனில் இறங்கி, மின்சார ரயில்கள் களைப்பாறும் ஷெட்டைத் தாண்டி, கருவேலங்காட்டு ஓரமாக நடந்தால் எங்கள் காலனி. ஆவடித் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்கள் குவார்ட்டர்ஸை விட்டு வெளியே வந்து மனை பிடித்துக் கட்டிய வீடுகள். நாங்கள் தூத்துக்குடிப் பக்கம். எதிர்வீடு வேலூர், அடுத்த வீடு திருச்சி. என் கணவர் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டினார். நான் மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பை ஓட்டினேன்.

தெருவின் ஒரு பக்கம் முழுக்க மழைநீர் வாய்க்கால். செங்கல் வைத்துக் கட்டி, மேலே சிமெண்ட் சிலாப் போட்டு மூடியது. தெருக்கோடியில் இறங்கி, அடுத்த தெருக்கள் வழியாக, கடைசியில் ஏரிக்குப் போக வேண்டும். போக வேண்டும் என்றுதான் கட்டினார்கள்.

அந்தத் தெருக்கோடியில், எல்லா வீட்டையும்விடத் தாழ்ந்த மனையில் இருந்தது பிலோமினாவின் வீடு. பிலோ அந்த மண்ணிலேயே பிறந்தவள். தையல்காரி. முன்னறையில் இரண்டு மெஷின். காலனிப் பெண்கள் அத்தனை பேரின் கை அளவும் கழுத்து அளவும் அவள் தலைக்குள் இருந்தன. அந்த வீட்டின் ஒவ்வொரு செங்கல்லும் ஒரு ஜாக்கெட் என்பாள். அவள் புருஷன் அருள், திருமழிசையில் ஒரு பட்டறையில் ஃபிட்டர். நல்ல மனிதர், சீக்கிரம் களைத்துப்போகிற மனிதர்.

ஐப்பசி வந்தால் தண்ணீர் முதலில் பிலோ வீட்டுக்குத்தான் விருந்துக்கு வரும். மெஷினைக் கட்டில் மேல் ஏற்றி, கட்டிலைச் செங்கல் மேல் ஏற்றி, ஊரார் துணியை எல்லாம் பரண் மேல் ஏற்றிவிட்டு அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். வந்த தண்ணீர் லேசில் போகாது. நான்கு நாள், ஐந்து நாள் நிற்கும். வடிந்தபின் சுவரில் அது நின்ற உயரம் ஒரு பழுப்புக் கோடாக இருக்கும். போன வருடக் கோட்டுக்கு மேலே இந்த வருடக் கோடு.

மழைக்கு முன்னால் நகராட்சி தூர் வாராமல் இல்லை. ஒவ்வொரு புரட்டாசியும் வாரியது. அங்கேதான் இருக்கிறது விஷயம். காண்டிராக்டரின் ஆட்கள் வருவார்கள். சிலாப்பை நெம்பி, வெறுங்காலோடும் வெறுங்கையோடும் உள்ளே இறங்குவார்கள். மேலாக இருக்கும் சேற்றை அள்ளி வாய்க்காலின் ஓரத்திலேயே குவிப்பார்கள். குவியலை எடுத்துப் போகமாட்டார்கள். ஏன்? ஓவர்சியர் வந்து குவியலை அளக்க வேண்டும். எவ்வளவு பெரிய குவியலோ அவ்வளவு வேலை நடந்ததாகக் கணக்கு. ஓவர்சியருக்குப் பத்து ஊர் வேலை. அவர் வருவதற்குள் மழை வந்துவிடும். மழை குவியலைத் திரும்ப வாய்க்காலுக்குள் தள்ளிவிடும். கரையில் மிஞ்சியதை அளந்து, கையெழுத்துப் போட்டு, எல்லாரும் ஊர் போய்ச் சேருவார்கள்.

ஒரே சேற்றை வருடா வருடம் அள்ளி, அதற்கு வருடா வருடம் கையெழுத்துப் போட்ட ஊர் எங்கள் ஊர்.

3

இது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. சாட்சி உண்டு. சாட்சி ஒரு சிவப்பு பிளாஸ்டிக் மக்.

பிலோ வீட்டுக் குளியலறை மக் அது. பிடி உடைந்து, உடைந்த இடத்தில் அவள் கம்பி சுற்றி வைத்திருந்தாள். ஒரு வெள்ளத்தில் மிதந்து போய்விட்டது. மறு புரட்டாசியில் தூர்க் குவியலில் தலை காட்டியது. “போவட்டும் சனியன்” என்று விட்டுவிட்டாள். மழை வந்தது. குவியல் வாய்க்காலுக்குள் போனது, மக்கும் போனது, தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. அதற்கு மறு புரட்டாசியில் குவியல் எழும்பியபோது உச்சியில், கும்பத்தில் தேங்காய் வைத்ததுபோல, அதே மக். அதே கம்பி.

ஓவர்சியர் குவியலைச் சுற்றி நடந்து அளந்துகொண்டிருந்தார். பேன்ட்டை நுனிவிரலால் தூக்கிப் பிடித்திருந்தார்.

“சார், இது போன வருஷத்து மண்ணு” என்றாள் பிலோ.

“மண்ணுல என்னம்மா போன வருஷம், இந்த வருஷம்?”

“என் மக்கு கீது சார் இதுல. போன வருஷமும் இங்கதான் இருந்திச்சு. ஒரே மண்ண எத்தினி வாட்டி சார் அள்ளுவீங்க? நான் ஒரே ஜாக்கெட்ட ரெண்டு வாட்டி தச்சிக் குட்த்தா நீ காசு குடுப்பியா?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். “மண்ணு வெளிய இருக்கா இல்லையா? வெளிய இருந்தா உள்ள இல்லன்னுதானே அர்த்தம்?”

“அப்ப உள்ள எட்டிப் பாரு சார்.”

“உள்ள பாக்குறது என் வேலை இல்லம்மா. குவியலைப் பாக்குறதுதான் என் வேலை.”

எத்தனையோ பெரிய மனிதர்களின் பேச்சைக் கேட்டிருக்கிறேன். ஒரு நாட்டின் நிர்வாகத்தை இத்தனை சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த வருடமும் தண்ணீர் வந்தது. வடிந்தபின் அருள் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி சொன்னார்: “டீச்சர், இன்னொரு வாட்டி தண்ணி உள்ள வந்தா ஊட்ட வித்துட்றேன். குடோன் கட்ட ஒரு பார்ட்டி கேட்டுக்கினே கீறான். பூந்தமல்லில வாடகைக்குப் போய்க்கறோம். என்னால முடியல.”

பக்கத்தில் பிலோ, தூக்கி வந்திருந்த மெஷினில் ஒட்டியிருந்த சேற்றை ஊசியால் குத்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

4

என் கணவரின் தொழிற்சாலையில் ஒவ்வொரு மெஷினின் நெற்றியிலும் ஓர் எண் இருக்கும். அதன் கீழே கடைசியாகச் சோதித்த தேதி, அடுத்துச் சோதிக்க வேண்டிய தேதி. ஆபீசில் வேறு பதிவு இருக்கும். ஆனாலும் மெஷினிலும் எழுதியிருக்கும். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? ஒரு மாலை அவர் இதை ஏதோ பேச்சுவாக்கில் சொன்னார். பிலோ என் வீட்டில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

“அண்ணே, கால்வாய்க்கு ஏன் நெத்தி இல்ல?”

அவ்வளவுதான். அங்கே தொடங்கியது.

பழைய எண்ணெய் டின்னை வெட்டி விரித்து, அதில் பூஜ்யம் முதல் ஒன்பது வரை எண்களை என் கணவர் துளைத்துக் கொடுத்தார். தகட்டை வைத்து மேலே பெயிண்ட் அடித்தால் எண் விழும். ஆனால் சிலாப்புக்கு எண் போட்டால் போதுமா? உள்ளே சுத்தமா இல்லையா என்று எப்படித் தெரியும்? அதற்கும் பிலோவே வழி சொன்னாள். வாய்க்காலின் சிமெண்ட் தரையை ஒட்டி, சுவரின் அடியில் ஒரு சிவப்புக் கோடு. வீட்டுத் தரைக்கு அடிப்போமே, அந்தக் காவிச் சிவப்பு. சிலாப்பைத் தூக்கினால் கோடு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் தூர் வாரவில்லை. இதற்குப் படிப்பு வேண்டாம், ஓவர்சியர் வேண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளை போதும்.

கோடு போட வேண்டுமென்றால் முதலில் தரை வரை தோண்ட வேண்டும். மே மாதம், வாய்க்கால் காய்ந்து கிடந்தது. ஞாயிறு பூசை முடிந்து தெரு கூடியது. மண்வெட்டி இருந்தது, கூடை இருந்தது. இறங்கத்தான் ஆளில்லை.

“நாம போயி சாக்கடையில எறங்குறதா? அதுக்குன்னு ஆளுங்க இருக்காங்க” என்றார் கோயில் பங்குப் பேரவையின் பெரியவர் ஒருவர். தோய்த்த வெள்ளை வேட்டி.

அதுக்குன்னு ஆளுங்க. எத்தனை வசதியான வார்த்தை. அந்த ஆட்கள் வருடா வருடம் எங்கள் கண் முன்னால் இறங்கியபோது எங்களில் எவருக்கும் வாடை அடிக்கவில்லை. எங்கள் கால் என்றதும்தான் ஊரே நாறியது.

பிலோ புடவையைத் தூக்கிச் செருகினாள். “பூசையில பக்கத்துல குந்திக்கினு சமாதானம் சொல்ல மட்டும் கை நீட்றீங்க இல்ல, இப்ப கூடைய வாங்க நீட்டுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே குதித்தாள். இடுப்பளவு ஆழம். இரண்டாவது நான் இறங்கினேன். மூன்றாவதாக அருள், தலையைக் குனிந்தபடி. அப்புறம் யார் இறங்கினார்கள் என்று எண்ண நேரமில்லை. வெள்ளை வேட்டிக்காரர் இறங்கவில்லை. ஆனால் அவர் மனைவி மோர் கரைத்து வந்து, கரையில் நின்று, “இறங்காதவங்களுக்குக் கிடையாது” என்று அவரைப் பார்த்தபடியே ஊற்றினார்.

தோண்டிய மண்ணை அன்றே தட்டுவண்டியில் ஏற்றிக் காலனிக்கு வெளியே பள்ளம் பார்த்துக் கொட்டினோம். அடுத்த ஞாயிறு கோடு. அதற்கடுத்த ஞாயிறு சிலாப் தோறும் எண், தேதி, திறந்து பார்த்தவர் பெயர். ஒன்றிலிருந்து முப்பத்தொன்று வரை, வெள்ளை எனாமல் பெயிண்டில். எங்கள் தெரு வாய்க்காலுக்கு நெற்றி வந்தது.

தோண்டியதில் திரும்பவும் கிடைத்த சிவப்பு மக்கைப் பிலோ கழுவித் தன் வீட்டு கேட்டில் தொங்கவிட்டாள். குளிக்க இல்லை. பார்க்க.

5

நகராட்சி விழித்துக்கொண்டது. வாய்க்கால் அடைத்தபோது வராத வேகத்தில் நோட்டீஸ் வந்தது. பொதுச் சொத்தில் அனுமதியின்றி எழுதிய குற்றம். கூடவே ஆள் வந்து முப்பத்தொரு எண்ணின் மீதும் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போனார்.

நானும் பிலோவும் ஆபீசுக்குப் போனோம். சொறி பிடித்த சுவர், ஆடும் ஃபேன். சாலைப் பிரிவில் கேட்டோம், எங்கள் தெரு வாய்க்காலின் ஃபைல் எங்கே என்று. சுகாதாரப் பிரிவைக் காட்டினார்கள். சுகாதாரப் பிரிவு, நாங்கள் கொசு மட்டும்தான் என்றது. கடைசியில் ஒரு குமாஸ்தா, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான நல்ல மனதோடு, உண்மையைச் சொன்னார்.

“வாய்க்காலுக்குன்னு ஃபைல் கிடையாதும்மா. தூர் வாருன காண்டிராக்டுக்குத்தான் ஃபைல் உண்டு.”

“அப்ப அது எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுது, எவ்வளவு ஆழம், எங்க உடஞ்சிருக்கு, இதெல்லாம்?”

“அது வாய்க்காலுக்குத்தான் தெரியும்.” அவரும் சிரித்தார். எங்கள் ஊரில் எல்லாரும் நல்லவர்கள். எல்லாரும் சிரிப்பார்கள்.

பிலோ சிரிக்கவில்லை. “ஊட்ல ஒரு புள்ள பொறந்தா பேர் எய்தறீங்க. செத்தா எய்தறீங்க. தெருவுக்கே உசுரு குட்க்கற கால்வா, அதுக்குப் பேர் இல்ல, நம்பர் இல்ல. நாங்க எய்தினா கேஸு. எய்துவோம் சார். நீ சுண்ணாம்பு அடி, நாங்க எய்தறோம். யார் கை முதல்ல வலிக்குதுன்னு பாக்கலாம்.”

கை வலிக்கும் வரை போகவேயில்லை. ஆடியில் திடீரென்று ஒரு மழை. சுண்ணாம்பு கரைந்து ஓடியது. எனாமல் கரையுமா? காலையில் கதவைத் திறந்தால் தெரு நெடுக ஒன்று, இரண்டு, மூன்று என்று முப்பத்தொன்றும் பல் தேய்த்த பிள்ளைகள் மாதிரி பளிச்சென்று உட்கார்ந்திருந்தன. அன்று பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போனேன். தாமதத்துக்குக் காரணம் சந்தோஷம் என்று எழுத இடமில்லாததால் தலைவலி என்று எழுதினேன்.

6

புரட்டாசி. காண்டிராக்டரின் ஆட்கள் வந்தார்கள், மேலாக அள்ளினார்கள், குவித்தார்கள். மே மாதத்துக்குப் பிறகு சேர்ந்த சேறு குறைவுதான். இருந்தும் கோடு வெளியே வரவில்லை. இந்த முறை நாங்கள் ஓவர்சியருக்காகக் காத்திருக்கவில்லை. ஆபீசுக்கே ஆள் அனுப்பி அழைத்து வந்தோம். சிலாப்புக்கு ஒரு பெண்ணாக நின்றோம்.

“கோடு எங்க சார்?” என்றாள் பிலோ.

“அது உங்க கோடும்மா. எங்க ரிக்கார்டுல இல்ல.”

“தண்ணிக்கு உன் ரிக்கார்டு படிக்கத் தெரியாது சார். கோடு தெரியட்டும். அப்பால கையெய்த்து போடு.”

அவர் சுற்றிப் பார்த்தார். பெண்கள் நகரவில்லை. உள்ளே நின்ற ஆட்களில் ஒருவர், “தோண்டிட்டாப் போச்சு சார், இன்னும் ஒரு சாண்தான” என்றார். மே மாதம் நாங்கள் இறங்கியது தெரிந்ததிலிருந்தே அவர்களுக்கு எங்கள் மீது ஒரு மரியாதை. தாங்கள் நின்ற இடத்தில் நின்றவர்கள் என்று. எங்கள் வீடுகளிலிருந்து ரப்பர் பூட்சும் கையுறையும் கொடுத்திருந்தோம். தொழிற்சாலைக்காரர்களின் பழையவை. நகராட்சி கொடுத்திருக்க வேண்டியவை.

கோடு வந்தது. ஈரமாக, புதுக் குங்குமம் போல. ஒவ்வொரு சிலாப்பாக எட்டிப் பார்த்தோம். இனி குவியல்.

“இப்பவே எடுக்கணும் சார். மழ மூட்டமா கீது.”

“அளக்காம எடுக்க முடியாதும்மா.”

“அப்ப அள.”

“டேப்பு ஆபீசுல இருக்கு.”

பிலோ கழுத்திலிருந்ததைக் கழற்றி நீட்டினாள். மஞ்சள் தையல் டேப். “இந்தா. இத்தினி பேரு இடுப்ப அளக்குது. உன் மண்ண அளக்காதா?”

தெருவே சிரித்தது. ஓவர்சியர் காது சிவக்க, அந்த டேப்பைப் பிடித்துக் குவியலை அளந்தார். லாரி சாயந்திரமே வந்து மண்ணை அள்ளிப் போனது. அந்த நகராட்சியின் சரித்திரத்தில் தூர் வாரிய அன்றே தூர் ஊரை விட்டுப் போனது அதுதான் முதல் முறை என்று நினைக்கிறேன். அதை எந்த ஃபைலிலும் தேடாதீர்கள்.

7

கனடாவுக்கு வருகிறேன். மூடியைத் தூக்கிய ஊழியர் எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். உள்ளே இலை, மெத்தை போல. வெயில் காலத் தொடக்கத்தில் சுத்தம் செய்தது பொய் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம், ஓர் இலையுதிர்காலம். கம்ப்யூட்டருக்கு இலை உதிராது.

அந்த மூடியின் பக்கத்தில் ஒரு மஞ்சள் மீன் இருக்கிறது. இங்கே கொட்டுவது மீனுக்குப் போகும் என்று நினைவூட்ட, பள்ளிப் பிள்ளைகளை விட்டு நகராட்சியே வரையவைத்த மீன். பெயிண்டும் தகடும் நகராட்சியே கொடுத்தது. எங்கள் வாசல் மீனை வரைந்தது ஜெனி. ஊரில் எங்களுக்கு இதற்குத்தான் நோட்டீஸ் வந்தது. ஊரிலிருந்து போனில் பேசுகிறவர்கள் உடனே சொல்வார்கள்: “பாத்தியா, வெள்ளக்காரன் வெள்ளக்காரன்தான்.” அட, நிறுத்துங்கள். மீன் இருக்கிறது, தேதி இல்லை. இங்கேயும் திறந்து பார்க்காமலே ‘ஆயிற்று’ என்று சொல்கிறார்கள். வித்தியாசம் ஒன்றே ஒன்று: திறந்து பார் என்றால் மறுநாள் வந்து திறக்கிறார்கள். அது அவர்கள் தோல் நிறத்தில் வந்தது இல்லை, கேட்டுக் கேட்டு வந்தது. நீங்களும் கேளுங்கள். ஏரிக்குள் மனை போட்டு விற்கும் ஊரில், மழையைத் திட்டிக்கொண்டு மாடியில் உட்காராதீர்கள். உங்கள் தெரு வாய்க்காலுக்கு எண் எங்கே என்று கேளுங்கள். வாரியாச்சா என்று கேட்காதீர்கள், அதற்கு ஆமாம் என்ற பதில் தயாராக இருக்கும். அடியில் எவ்வளவு சேறு நின்றது, அதை எந்த மழைக்கு முன்னால் யார் பார்த்தது என்று கேளுங்கள். எழுதியதை அலமாரியில் பூட்டாதே, தெருவில் எழுது என்று சொல்லுங்கள்.

ஊழியர் இலையை வாரி முடித்து, கையிலிருந்த தாளில் ஒரு டிக் போட்டார். நான் விடவில்லை. ஜெனியைக் கூப்பிட்டேன்.

“டிக் மட்டும் போடக்கூடாதுன்னு சொல்லு. எவ்வளவு இலை இருந்ததுன்னு எழுதணும். அடுத்து எப்ப வருவார்னும் எழுதணும்.”

அவள் பெருமூச்சு விட்டாள். மழைக்கோட்டின் தொப்பியை இழுத்துக்கொண்டு போனாள். ஆனால் இந்த முறை நீளமாகப் பேசினாள். கையை வேறு ஆட்டினாள். ஊழியர் சிரித்துவிட்டு, தாளைத் திருப்பி எழுத ஆரம்பித்தார்.

“எல்லாத்தையும் சொன்னியா?”

“சண்டையையும் சேத்து சொன்னேன்” என்றாள். பிறகு மீனைக் காலால் தொட்டுக்கொண்டே கேட்டாள். “அம்மா, நீயும் ஊர்ல ரோட்டுல பெயிண்ட் அடிச்சியா? பிலோ ஆன்ட்டின்னு சொல்வியே, அவங்களோடயா?”

எட்டு வயதில் கிளம்பியவள். பிலோ தைத்த கவுனில்தான் விமானம் ஏறினாள். அது அவளுக்கு ஞாபகமில்லை. அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

8

அந்த வருடத் தண்ணீர் என்ன ஆனது என்று கேட்பீர்கள். வந்தது. பிலோ வீட்டுக்குள் கணுக்கால் அளவு வந்தது.

எங்கள் முப்பத்தொரு சிலாப்பும் வெள்ளத்தை வாங்கி இறக்கின. ஆனால் முப்பத்தொன்றுக்கு அப்பால் வாய்க்கால் அடுத்த தெருவுக்குள் நுழைகிறது. அங்கே எண் இல்லை, கோடு இல்லை, உள்ளே இடமும் இல்லை. முட்டிய தண்ணீர் திரும்பி வந்தது.

அருள் தன் வார்த்தையை மறக்கவில்லை. குடோன் பார்ட்டியை அழைத்து வந்துவிட்டார். கழுத்துச் சங்கிலியும் புது ஸ்கூட்டருமாக வந்தவர் முன்னறையை நோட்டம் விட்டார். பிலோ தரையை அலசிக்கொண்டிருந்தாள். நான் வாளியோடு நின்றேன்.

“இன்னா அருளு, தண்ணிதான் வந்துச்சே. பேசி முடிச்சிரலாமா?”

“தண்ணி வந்துச்சு” என்றாள் பிலோ, நிமிராமல். “எப்ப போச்சுன்னு கேளுய்யா.”

“எப்ப?”

“காலையில வந்துச்சு, வெளக்கு வெக்கறதுக்குள்ள போச்சு. நாலு நாளு குந்திக்கினு கெடந்த தண்ணி, ஒரே பகல்ல எய்ந்து போயிடுச்சு. அதுக்கு வழி தெரிஞ்சிருக்கு. அடுத்த தெருவுலதான் மறிச்சி கீது.” அவள் துணியை வாளிக்குள் போட்டாள். “அண்ணாத்தே, நீ வேற ஊட்ட பாரு. இது விக்கறதுக்கு இல்ல.”

“பிலோ, நான் சொன்னேன் இல்ல” என்றார் அருள்.

“நீ தண்ணி வந்தா விப்பேன்ன. சரி. ஏன் வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். காரணம் தெரியாத ஊட்டதான் விக்கணும். காரணம் தெரிஞ்சப்புறம் வித்தா நாமதான் பைத்தியம்.”

அருள் சுவரைப் பார்த்தார். பழைய பழுப்புக் கோடுகளுக்கு வெகு கீழே, தரையை ஒட்டி, புதிதாக ஒரு மெல்லிய கோடு. குனிந்து அதை விரலால் தொட்டார். பிறகு வந்தவரிடம், “டீ சாப்ட்டுப் போங்க” என்றார். விலை பேச வந்தவனுக்கு எங்கள் ஊரில் அதற்கு மேல் பதில் வேண்டாம்.

வெயில் வந்ததும் பிலோ அடுத்த தெருவுக்குப் பெயிண்ட் டப்பாவோடு போனாள். அந்தத் தெருக்காரர்கள் அடிக்க வந்தார்கள். இரண்டு ஜாக்கெட் கடனுக்குத் தைத்துக் கொடுத்து இரண்டு வீட்டை வளைத்தாள். மூன்றாவது வீட்டில் மக்கைக் காட்டினாள். அப்படி அப்படியே போனது வேலை. இப்போது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. போன வருடம் ஊருக்குப் போய்வந்த ஒருவர், பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துச் சிலாப் ஒன்றில் வெள்ளையில் ‘78’ என்று பார்த்ததாகச் சொன்னார். ஏதோ கட்சி விளம்பரம் என்று நினைத்தாராம்.

என் கணவருக்கு இங்கே வேலை கிடைத்து நாங்கள் கிளம்பிய காலை. டாக்சி தெருக்கோடியில், பிலோ வீட்டு வாசலில் நின்றது. பெட்டிகளை ஏற்றிவிட்டார்கள். ஜெனி புதுக் கவுனைக் கசக்காமல் நிற்கக் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தாள். கேட்டில் சிவப்பு மக் ஆடியது. பிலோவின் கையில் காய்ந்த எனாமல், நகக்கண் வரை.

என் தோள்பையில், எண்கள் துளைத்த அந்த எண்ணெய் டின் தகடு இருந்தது. கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தேன். நான் எதையும் சேர்த்து வைக்கிறவள் இல்லை. இதை மட்டும் கொண்டுபோக வேண்டும் என்று தோன்றியது. பையிலிருந்து எடுத்துக் காட்டினேன்.

“ஞாபகத்துக்கு எடுத்துட்டுப் போறேன் பிலோ.”

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் கையை நீட்டி, கைக்குட்டையை எனக்கு விட்டு, தகட்டை உருவிக்கொண்டாள்.

“நெனப்புக்கு வேற எதுனா எட்த்துக்கினு போ டீச்சர். இத்த வெச்சிட்டுப் போ. அடுத்த தெரு பாதியில கீது.”